இலையை வைத்து வெயிலில் நீல அச்சு: கழுவும்போதே நிறம் போய்விடுகிறது, என்ன செய்வது?

தண்டையார்பேட்டை மாடி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. அவளையும் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் இலை, பூ வைத்து வெயிலில் அச்சு எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். சயனோடைப் என்பார்களே, அதுதான். பாரிமுனையில் ஒரு ரசாயனக் கடையில் இரண்டு பொடியும் வாங்கினேன். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில், தனித்தனி பாட்டிலில் கரைத்து வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது இரண்டையும் சம அளவு கலந்து தாளில் பூசுவேன். பூசுவது நான் மட்டும்தான், அதுவும் இரவில் மகள் தூங்கின பிறகு. காலையில் பிள்ளைகள் கைக்கு வருவது காய்ந்த மஞ்சள்பச்சைத் தாள்.

முதல் ஞாயிறு ஏழரை மணிக்கே மாடிக்குப் போய்விட்டோம். ஆளுக்கொரு இலை தேடிக்கொண்டு வரச் சொன்னேன். மகள் முருங்கைக் கொத்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பையன், நான்கு வயது, கீழே கிடந்த ஒரு பூவரச இலையை எடுத்துக்கொண்டு வந்தான், பூச்சி தின்று சல்லடையாகக் கிடந்தது. வேறு நல்ல இலை எடுத்துக்கோடா என்றால் முடியாது என்றுவிட்டான். ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தோம். தாள் மெல்ல மெல்ல நீலமாக மாறுவதை நாலு பேரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். இலையை எடுத்ததும் அடியில் மஞ்சளாக அதே உருவம், பையனின் இலையில் இருந்த ஒவ்வொரு ஓட்டையும் ஒரு நீலப் பொட்டு. சரி, வந்துவிட்டது என்று பக்கெட்டில் போட்டேன். முதலில் நீலம் நன்றாகத்தான் தெரிந்தது, அப்புறம் கண்முன்னாலேயே வெளுக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஊறவிட்டு எடுத்தால் சாம்பல் பூத்த வெள்ளைத் தாள்தான் மிச்சம். "ஆன்ட்டி, என் ஓட்டை எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரமும் அதே கதை. பொடி பழசா, வெயில் போதவில்லையா, தாள் சரியில்லையா? தாள் ஆண்டர்சன் தெருவில் வாங்கின சாதாரண டிராயிங் ஷீட். தண்ணீர் எங்கள் போர் தண்ணீர்தான், உப்பு, சோப்பு போட்டால் நுரையே வராது. யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அவன் இலையை எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

லேப் உதவியாளன்:

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். சோப்பு நுரைக்காத தண்ணீர் கடினநீர், பெரும்பாலும் கொஞ்சம் காரத்தன்மையோடுதான் (அமிலத்துக்கு எதிர்) இருக்கும். உங்கள் தாளில் உண்டாகும் நீலத்துக்குப் பிரஷ்யன் நீலம் என்று பெயர், அது காரத்தில் நிற்காது, சிதைந்துவிடும். ஒரு சிட்டிகை சலவைச் சோடா கலந்த தண்ணீரில் நல்ல நீல அச்சைப் போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் மஞ்சளாகிவிடும். உங்கள் போர் தண்ணீர் அதே வேலையை மெதுவாகச் செய்கிறது, நீங்களோ அதற்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, வெயில். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது வேறு, இதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வேறு. ஏழரை மணிக்குச் சூரியன் சாய்வாக இருக்கும்போது அது குறைவு. பூச்சில் இருக்கும் இரும்பு அந்தக் கதிர் பட்டு வேறு நிலைக்கு மாறினால்தான் பெரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத நீலமாகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். மாறாத பாகம் கழுவும்போது மஞ்சளாகக் கரைந்து போய்விடும். ஐந்து நிமிடத்தில் மேலாக மட்டும் மாறியிருக்கும். அடுத்த முறை ஒன்பதரை, பத்து மணிக்கு வையுங்கள். தாள் நீலமானதும் எடுக்காதீர்கள். நீலம் தாண்டி, பழைய வெண்கலப் பாத்திரத்தில் ஏறுகிற மாதிரி ஒரு சாம்பல் நிறம் வரும், அதுவரை விடுங்கள். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், கழுவினால் தெளிந்துவிடும். எத்தனை நிமிடம் என்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடலாம். ஒரு துண்டுத் தாளின் மேல் அட்டையை வைத்து மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டே வந்தால் படிக்கட்டு மாதிரி பட்டைகள் விழும். கழுவின பிறகு எந்தப் பட்டை நல்ல நீலமோ அதுதான் உங்கள் மாடியின் கணக்கு.

தண்ணீருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே அச்சை இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதி போர் தண்ணீரில், இன்னொரு பாதி கேன் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து. மஞ்சள் போகிற வரை, ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வந்து சொல்லுங்கள்.

வியாசர்பாடி அப்பா:

என் பையனுக்கு நான் இவ்வளவு தூரம் போகவில்லை. கடையில் கிடைக்கிற கலர் பேப்பர், காத்தாடிக்கு வாங்குவோமே அந்த மாதிரி, கருஞ்சிவப்பில் ஒன்று எடுத்து, அதன்மேல் இலையும் நாலைந்து காசும் வைத்து, மேலே பழைய போட்டோ பிரேம் கண்ணாடியை வைத்து மாடியில் இரண்டு நாள் விட்டேன். சுற்றிலும் வெளுத்து, காசு இருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக நின்றது. அதைப் பார்த்த பிறகு தெருவில் போகும்போது சுவர் போஸ்டர்களைக் காட்டுகிறான். வெயில் படுகிற சுவரில் ஒட்டின போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், முகமெல்லாம் நீலமாகி நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? "அப்பா, வெயில் தின்னுடுச்சு" என்கிறான். கண்ணாடியின் விளிம்பில் மட்டும் செலோடேப் சுற்றிவிடுங்கள், பிள்ளைகள் கையைக் கிழித்துவிடும்.

பால்வாடி டீச்சர்:

நான் கொருக்குப்பேட்டைப் பக்கம் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பதினோரு வருடமாக இருக்கிறவள். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளை கை வாய்க்குப் போகும், கண்ணைக் கசக்கும். பூச்சு நீங்கள்தான் பூசுகிறீர்கள் என்றாலும், கழுவாத தாளைத் தொடுவது அவர்கள் கைதானே. ஆறேழு வயதுக்கு முன்னால் அந்தப் பொடி வேண்டாம் என்பது என் கருத்து.

அதற்குப் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. சேலையில் மஞ்சள் கறை பட்டால் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? துவைத்து வெயிலில் போடு, போய்விடும் என்பார்கள். போய்விடுகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் கொஞ்சம் சானிடைசரில் குழைத்து (தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும், அடுப்புப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், இதைக் குழைப்பதும் பெரியவர்கள் வேலை), துணியில் வடிகட்டி, தாளில் பிரஷ்ஷால் பூசி நிழலில் காயவையுங்கள். இலையை வைத்து, கண்ணாடி வைத்து, கிளிப் போட்டு மாடியில் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சுற்றிலும் வெளிறிவிடும், இலைக்கு அடியில் மட்டும் மஞ்சள் நிற்கும்.

இதற்கு அப்புறம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து, பிரஷ்ஷில் தொட்டு அந்தத் தாளின்மேல் தடவச் சொல்லுங்கள். மஞ்சள் இலை சட்டென்று சிவந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்குமே, அதே சங்கதி. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இலைக்கு ஆரத்தி எடுத்தோமா?" என்று கேட்டாள். சுண்ணாம்பே வைக்கலாமே என்று யாராவது சொல்வீர்கள், வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஆப்ப சோடா போதும். காய்ந்த பிறகு சிவப்பு கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ எல்லாவற்றின் சாறிலும் இதைச் செய்யலாம், ஆனால் அவற்றுக்கு மணிக்கணக்கில் போதாது, நாள்கணக்கில் வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். மஞ்சளில் காலையில் வைத்தால் மதியம் சாப்பிட்டதும் எடுத்துவிடலாம்.

தண்டையார்பேட்டை மாடி:

டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. பெரிசயனைடு என்ற பெயரைப் பார்த்து எனக்கும் பயம்தான். பெயரிலேயே சயனைடு இருக்கிறதே. லேப் அண்ணா, இது எவ்வளவு ஆபத்து என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

லேப் உதவியாளன்:

சொல்கிறேன். இதில் இருக்கும் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, சாதாரணமாக விட்டுப் பிரியாது. அதனால் இதன் நச்சுத்தன்மை குறைவு. முடிவில் வரும் பிரஷ்யன் நீலத்தை, தாலியம் என்ற நஞ்சு உடம்பில் ஏறினவர்களுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரிசயனைடோடு வீரியமான ஆசிட் சேர்ந்தாலோ, அதைச் சூடாக்கினாலோ நச்சு வாயு வரும். பாத்ரூம் கழுவ வாங்கி வைத்திருக்கும் ஆசிட் இருக்கிற அலமாரியில் இந்த பாட்டிலை வைக்கவே கூடாது, பாத்ரூமில் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற அன்றைக்கு அங்கே தாள் கழுவவும் கூடாது. நான் சொன்ன எலுமிச்சை மெல்லிய அமிலம், அதுவும் தாளைக் கழுவுகிற பக்கெட் தண்ணீரில்தான், பாட்டிலில் இல்லை. சமையல் பாத்திரம், கரண்டி எதுவும் இதற்கு வேண்டாம். பூசும்போது கையுறை போடுங்கள்.

டீச்சர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நான்கு வயதுக்கு மஞ்சள், பெரிய பிள்ளைகளுக்கு நீலம் என்று வைத்துக்கொள்ளலாம். சின்னவன் நீலமும் கேட்டால், அவன் இலையை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும், தாளின்மேல் எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டட்டும், நீங்கள் வையுங்கள். ஒரு சேதி: சயனோடைப்பைக் கண்டுபிடித்தவரும் மஞ்சள் மாதிரி பூச்சாறுகளை வெயிலில் வைத்துப் பார்த்தவரும் ஒரே ஆள்தான். ஜான் ஹெர்ஷல், 1842. அவர் வானியலாளர்.

எண்ணூர் கரை:

ஹெர்ஷல் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவர் குடும்பத்தோடு பழக்கம் உள்ள அன்னா அட்கின்ஸ் என்ற அம்மா அடுத்த வருடமே, 1843ல், இந்த முறையில் கடல்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் பரப்பி அச்செடுத்து, பகுதி பகுதியாகப் புத்தகமாக வெளியிட ஆரம்பித்தார். பத்து வருடம் செய்தார். ஒளிப்பட முறையில் எடுத்த படங்களோடு வந்த முதல் புத்தகம் அதுதான் என்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, அவர் பூவை விட்டுவிட்டுப் பாசியை எடுத்தது. பாசி மெல்லியது, வெயில் அதைக் கொஞ்சம் ஊடுருவும், அதனால் வெறும் வெள்ளை உருவமாக இல்லாமல் உள்ளே மடிப்பு மடிப்பாக நீலம் தெரியும்.

நம் கரையில் அதற்குப் பஞ்சமா? கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் பாறாங்கற்களில் பச்சைப்பாசி இலை மாதிரி படர்ந்திருக்கும். ஆனால் பிள்ளைகளைப் பாறைமேல் ஏற விடாதீர்கள், பாசி பிடித்த கல் வழுக்கும், அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. நான் வலை உலர்த்துகிற அண்ணன்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், வலையில் சிக்கி வருவதையே தருகிறார்கள். வீட்டில் கேன் தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டு, ஒரு தட்டில் தண்ணீர் விட்டுப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கொடுத்துத் தூக்கினால் அப்படியே விரிந்து உட்காரும். என் தங்கை மகளுக்கு ஆறு வயது, தண்ணீருக்குள் பாசி விரிவதைப் பார்ப்பதற்காகவே நாலு முறை மறுபடி போட்டாள். ஷீட்டிலேயே காயவிட்டு, ஷீட்டோடு நீலத் தாளின்மேல் கவிழ்த்து வைத்துவிடலாம், ஈரம் தாளில் படாது.

மணலில் அடும்பங்கொடி கிடைக்கும், இரண்டாகப் பிளந்த ஆட்டுக்கால் குளம்பு மாதிரி இலை, அச்சில் சட்டென்று அடையாளம் தெரியும். முகத்துவாரம் பக்கம் போனால் உமரிச் செடி. அலையாத்தியை மட்டும் மரத்திலிருந்து பறிக்க வேண்டாம், கீழே உதிர்ந்து கிடக்கும் இலையே போதும்.

எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

பெரம்பூர் தாத்தா:

ரயில்வேயில் டிராயிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் பேசுவது புளூபிரிண்ட் என்ற சொல் பிறந்த இடத்தைத்தான். டிரேசிங் ஷீட்டில் கறுப்பு மையில் வரைந்து, இந்த ரசாயனம் பூசின தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் கோடு வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது போய் அம்மோனியா பிரிண்ட் வந்துவிட்டது, வெள்ளைத் தாளில் நீலக் கோடு, அறை முழுக்கக் கண்ணெரியும் வாசனை. நிறம் தலைகீழாக மாறியும் பெயர் மாறவில்லை. வீட்டு பிளானை இன்றைக்கும் புளூபிரிண்ட் என்றுதானே சொல்கிறோம். பேரனிடம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து ரயில் எஞ்சின் வரையச் சொல்லி அச்செடுத்துக் கொடுத்தேன். இலைக்கு நடுவில் இதையும் செய்து பாருங்கள் அம்மா. கறுப்பு பர்மனெண்ட் மார்க்கர் என்றால் கோடு நன்றாக விழும்.

ஓட்டேரி அக்கா:

தாளில் சரியாக வந்தால் அடுத்து துணி ஆசை வரும், அதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். வெள்ளைக் காட்டன் தலையணை உறையில் வேப்பிலைக் கொத்து அச்செடுத்தேன், ரம்பப்பல் மாதிரி விளிம்பெல்லாம் அப்படியே விழுந்திருந்தது. வீட்டில் யாரோ வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு போட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது வெளிறிப்போன மஞ்சள்தான். சோப்புத்தூளில் இருப்பதும் காரம்தானே. துணியில் செய்தால் வெறும் தண்ணீரில் அலசிப் பிழியாமல் நிழலில் போடுங்கள்.

வேப்பிலையோ முருங்கையோ, பறித்ததும் வைக்காதீர்கள். முருங்கை வெயிலில் மூன்று நிமிடத்தில் சுருண்டு எழும்பிவிடும், விளிம்பு மங்கலாகும். முந்தின நாள் இரவே பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே அரிசி மூட்டையை வைத்துவிட்டால் காலையில் தட்டையாக இருக்கும், ஈரமும் போயிருக்கும். பிள்ளைகளுக்கு அந்த மூட்டையைத் தூக்கிப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. இன்னொன்று, கட்டாங்காபியோ பால் விடாத டீயோ காய்ச்சி ஆறவைத்து நீல அச்சை அதில் ஊறப்போட்டால் கருநீலமாகிவிடும். கடுக்காய்த் தண்ணீரும் அதே மாதிரி கருக்க வைக்கும்.

தண்டையார்பேட்டை மாடி:

இன்று காலை செய்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன், ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர்ச் சோதனை. ஒரே வேப்பிலை அச்சைக் கிழித்து இரண்டு டப்பாவில் போட்டோம். போர் தண்ணீர்ப் பாதி பத்து நிமிடத்தில் வெளிறிப்போய் நின்றது. எலுமிச்சைப் பாதி அப்படியே நீலம். லேப் அண்ணா, நூற்றுக்கு நூறு நீங்கள் சொன்னதுதான். மகள் போர் டப்பாவைப் பார்த்து, "இந்தத் தண்ணி இலையைக் குடிச்சிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேரம் பார்க்கப் பட்டைத் தாள் வைத்தோம். ஒன்பதே முக்காலுக்கு எங்கள் மாடியில் பன்னிரண்டு நிமிடம் சரியாக இருந்தது. பிள்ளைகள் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு நூறு வரை எண்ணினார்கள், சின்னவன் இருபத்தொன்பதுக்கு அப்புறம் மறுபடி இருபதுக்கே போய்விடுகிறான், யாரும் திருத்தவில்லை. கடல்காற்று எழும்புவதற்குள் எல்லாம் முடிந்தது, போன வாரம் பதினொன்றரை மணிக்கு வீசிய காற்றில் கண்ணாடி இல்லாத இரண்டு தாள் அடுத்த வீட்டு மாடிக்கே போய்விட்டன.

டீச்சர், நீங்கள் சொன்னபடி சின்னவனுக்கு மஞ்சள்தான் கொடுத்தேன். அதே மாதிரி ஓட்டை விழுந்த பூவரச இலையைப் பொறுமையாகத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்தபோது மஞ்சள் இலை, உள்ளே வெளிறிய பொட்டுகள். ஆப்ப சோடாத் தண்ணீரை அவனே பிரஷ்ஷால் தடவினான், தடவத் தடவ இலை சிவந்தது, ஓட்டைகள் மட்டும் சிவக்கவில்லை. அவன் ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்து எண்ணினான். பிறகு அந்த இலையையே நான் நீலத் தாளிலும் ஒரு முறை வைத்து எடுத்தேன், எங்கே வைக்க வேண்டும் என்று அவன்தான் காட்டினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு இலையில் வெள்ளை ஓட்டை, வெள்ளை இலையில் நீல ஓட்டை. அவன் அம்மா இரண்டையும் பிரேம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறேன் என்கிறார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், மாலை வெயில் நேராக விழும். மாட்டலாமா?

பால்வாடி டீச்சர்:

மஞ்சளை மாட்ட வேண்டாம். வெயிலில் வந்தது வெயிலிலேயே போய்விடும், அதை நிறுத்தி வைக்க வழி இல்லை. நோட்டுக்குள் வைத்து, அவன் கேட்கும்போது திறந்து காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும், அதை வேண்டுமானால் மாட்டலாம்.

லேப் உதவியாளன்:

நீலத்தை மாட்டலாம், ஆனால் அந்தச் சுவரில் வேண்டாம், வெயில் நேராகப் படாத சுவராகப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் காரம்தான், அதனால் சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் பின்னால் ஒரு அட்டை வைத்து மாட்டட்டும், தாள் சுவரில் ஒட்ட வேண்டாம். சில மாதத்தில் நீலம் மங்கின மாதிரி தெரிந்தால் பதற வேண்டாம். கழற்றி பீரோவுக்குள் இருட்டில் கொஞ்ச நாள் வைத்தால் காற்று பட்டு நிறம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.